சதுர அடிக்குள் என்னென்ன அடங்கும்?

வீடு கட்டித் தரும் தொழிலில் மனக்கசப்பு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறது: "அதுவும் சேர்த்துத்தான்னு நினைச்சேன்." சதுர அடிக்கு இன்ன விலை என்று பேசி முடித்து, அட்வான்ஸும் கைமாறியிருக்கும். ஆனால் போர்டிகோவை முழுதாக அளப்பதா, பாதியாகவா? மாடிப்படி ஹெட்ரூம் கணக்கில் சேருமா? தண்ணீர் சம்பு, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் யார் செலவு? இருவரும் வெவ்வேறு பதிலை மனதில் வைத்துக்கொண்டே பூமி பூஜை போட்டிருப்பார்கள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 13ஆம் பிரிவில், இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றால்தான் அது சம்மதம் என்கிறது. என் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் பார்த்ததில்லை. முத்திரைத்தாளும் கையெழுத்தும் பிறகு வருபவை. இரண்டு பேர் மனதிலும் இருப்பது ஒரே வீடுதானா என்று முதலில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பதுதான் ஒப்பந்தம்.

"நமக்குள்ள எதுக்கு சார் எழுத்தெல்லாம்?" என்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். எழுதக் கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம் அது. உறவுக்காரர் என்றால் கூச்சம் இன்னும் கூடும். ஆனால் உறவு இருக்கும் இடத்தில்தான் பிற்பாடு வாய்திறந்து கேட்க முடியாமல் போகிறது. 'டைல்ஸ் சதுர அடிக்கு 60 ரூபாய் வரை. மேலே போனால் வித்தியாசம் வீட்டுக்காரருடையது' என்று ஒரு வரி இருந்தால், கடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

விலையை எல்லோரும் பேசிவிடுகிறோம். நாட்களைப் பற்றித்தான் போதுமான அளவு பேசுவதில்லை. ரூஃப் கான்கிரீட் போட்டதும் சைட்டில் ஆள் குறையும். வீட்டுக்காரர் கண்ணுக்கு வேலை நின்றுவிட்டது போலத் தெரியும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டில் போட்ட தளத்தின் ஸ்பான் (தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரம்) 4.5 மீட்டருக்குள் இருந்தால் குறைந்தது 7 நாளும், அதைத் தாண்டினால் 14 நாளும் முட்டுகளை எடுக்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு. அதை முன்கூட்டியே விளக்கி எழுதிவிட்டால், அந்தக் காத்திருப்பும் வேலைதான் என்று அவருக்குப் புரியும். அவசரப்படுத்தும் போன் வராது. மேஸ்திரியும் அவசரப்பட்டு முட்டுகளைப் பிரிக்க மாட்டார்.

பணம் பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாக வரும். கடனில் கட்டுபவருக்கு வங்கியும் அப்படித்தான் தருகிறது. ஒரு கட்டம் தள்ளிப்போனால் முதலில் அடிபடுவது ஒப்பந்தத்தில் பெயரே இல்லாதவர்கள்: சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலிக்காகக் காத்து நிற்கும் கொத்தனாரும் சித்தாளும். அதனால் வங்கிப் பணம் தாமதமானால் அந்த வாரக் கூலி எங்கிருந்து வரும் என்பதையும் எழுதச் சொல்லுவேன். இதைப் பேசாத ஒப்பந்தம் எனக்கு அரைகுறை ஒப்பந்தம்தான்.

வேலை நடக்கும்போது மனம் மாறுவது இயல்பு. சுவர் எழும்பிய பிறகுதான் சமையலறை சிறியது என்று கண்ணுக்குத் தெரியும். மாற்றம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் மேஸ்திரியிடம் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவது போதாது. என்ன மாற்றம், எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் என்று சைட் நோட்டில் அன்றைக்கே எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். மாதங்கள் கழித்துப் பில்லில் 'எக்ஸ்ட்ரா வேலை' என்று பார்க்கும்போது வரும் கோபம் தொகையால் மட்டும் வருவதல்ல; தன்னைக் கேட்காமல் செய்துவிட்டார்கள் என்ற எண்ணத்தால் வருவது.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் இன்ஜினியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எஸ்டிமேட் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரையும் மேஸ்திரியையும் காலி மனைக்கே அழைத்துப் போய், பிளானை வரிவரியாக வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் "அப்படியா?" என்று கேட்கும் இடமெல்லாம் ஒப்பந்தத்தில் ஏற வேண்டிய இடம். சாவி கொடுத்த பிறகு முதல் மழையில் ஒழுகினால் யார் வந்து பார்ப்பது, அதுவரை எவ்வளவு தொகை பிடித்தம் என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். ஒருவரை ஒருவர் நம்பும்போதே இதையெல்லாம் பேசுவது எளிது. நம்பிக்கை உடைந்த பிறகு அதே கேள்விகளுக்கு வக்கீல்தான் பதில் எழுத வேண்டியிருக்கும்.