பாடும் பயிற்சியாளரும்

இந்தியக் கால்பந்து அணிக்குப் புதிய பயிற்சியாளரைத் தேடும் செய்தி வெளிவந்த 2025 ஜூலை மாதத்தில், அப்பதவியால் எவ்விதப் பயனும் அடைய வாய்ப்பில்லாத ஏழெட்டுப் பேர் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஏறக்குறைய மூன்று வாரங்களை அதைப் பற்றிப் பேசியே கழித்தோம். எங்களுள் இருவர் கடலுக்குப் போகிறவர்கள். ஒருவர் திருப்பாலைவனத்தில் ஆசிரியர். ஒருவர் இறால் ஏலம் எடுப்பவர். மற்றவர்கள் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் வேலைக்குப் போய் இரவில் ஊர் திரும்புகிறவர்கள். சிற்றிதழ்களைக் கைமாற்றி வாசிப்பதும் பந்தாட்டம் பார்ப்பதுமே எங்களைச் சேர்த்துவைத்த பழக்கங்கள். இலக்கியத்தைக் காட்டிலும் பந்தாட்டத்தை முன்னிட்டே நாங்கள் அதிகம் சண்டையிட்டிருக்கிறோம்.

விஷயத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 ஜூலையில் பொறுப்பேற்ற ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் ஓராண்டுக்குள் விடைபெற்றார். அவர் காலத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களில் வெற்றி ஒன்றே ஒன்று, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. 2025 ஜூன் 10 அன்று ஹாங்காங்கில், ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியால் இந்தியா தோற்றது. அந்த இரவோடு அவர் கதை முடிந்தது என்று எங்கள் ஏலக்காரர் அப்போதே சொன்னார். அடுத்த மாதம் இரண்டாம் தேதி அது அறிவிப்பாகவும் வந்தது. அவருக்கு முன்னிருந்த குரோஷியர் இகோர் ஸ்டிமாச் 2024இல் நீக்கப்பட்டதும், அவருக்கு நான்கு லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்க நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆக, சம்மேளனத்தின் பெட்டியும் காலி, நாற்காலியும் காலி.

விண்ணப்பங்கள் நூற்றெழுபது வந்தன. அவற்றுள் பார்சிலோனாவின் சாவி எர்னாண்டஸ் பெயரும் இருந்தது என்று ஒரு நாள் செய்தி வந்தது. கேட்டவுடன் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். சாவி கேட்கும் சம்பளம் கட்டுபடியாகாது என்பதால் சம்மேளனம் அதை ஒதுக்கிவிட்டதாம். பிறகுதான் அந்த மின்னஞ்சலும் பெப் கார்டியோலாவின் பெயரில் வந்த இன்னொன்றும் போலி எனத் தெரியவந்தது. யாரோ ஒரு மாணவனின் குறும்பு என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு நாட்டின் கால்பந்து நிர்வாகத்தை ஒரு மின்னஞ்சலால் ஏமாற்ற முடியும் என்பதைக் காட்டிலும், அதை நம்பிய ஒரு பகல் முழுவதும் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியே எங்களுக்கு வியப்பாக இருந்தது. அன்று மாலை டீக்கடையில் சாவியின் நடுக்கள ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஆசிரியர் நண்பர் நிகழ்த்திய உரையைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

நிற்க. இறுதிப் பட்டியலில் மூவர். முதலாமவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். 2002 முதல் 2005 வரையிலும், 2015 முதல் 2019 வரையிலும் என இருமுறை இந்தியாவைப் பயிற்றுவித்தவர். அவருடைய இரண்டாம் வருகையின் தொடக்கத்தில் 173ஆம் இடத்துக்குச் சரிந்த அணி 2017இல் 96ஆம் இடத்துக்கு ஏறியது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என வென்று, பஹ்ரைனிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் தோற்று வெளியேறியதும் அவர் காலத்தில்தான். இரண்டாமவர் ஸ்லோவாக்கியாவின் தேசிய அணியைப் பயிற்றுவித்த ஸ்டெபான் தார்கோவிச். மூன்றாமவர் காலித் ஜமீல். குவைத்தில் பிறந்தவர், மும்பையில் ஆடியவர். 2016-17இல் மிசோரமின் ஐசால் அணியை எவரும் எதிர்பாராவண்ணம் ஐ-லீக் வாகையராக்கியவர். வடகிழக்கு யுனைடெட்டையும் பின்னர் ஜாம்ஷெட்பூரையும் ஐ.எஸ்.எல். அரையிறுதிவரை கொண்டுசென்றவர். மூவரையும் தேர்ந்தெடுத்த தொழில்நுட்பக் குழுவின் தலைவர் ஐ. எம். விஜயன். இப்பெயரை நம் வாசகர்கள் ‘திமிரு’ படத்தின் வில்லனாக அறிந்திருக்கக்கூடும். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் இந்திய அணித் தலைவராக உயர்ந்த கதையைச் சொல்லும் தேவை நமக்கு அந்த அளவுக்கு எழவில்லை என்பது ஒரு வருத்தம்.

எங்களுக்குள் கட்சிகள் உடனே பிரிந்தன. கடலுக்குப் போகும் இருவரில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் சித்தப்பா என்றே அழைப்போம். அவர் ஜமீல் கட்சி. “வெளியூர்க்காரனுக்கு ஏரியில எங்க சேறு, எங்க மணலுன்னு தெரியுமா? அவன் வந்து கத்துக்கறதுக்குள்ள பருவம் முடிஞ்சிடும்” என்பது அவர் வாதம். ஏலக்காரர் விடவில்லை. “ஏரி தெரிஞ்சவங்கதானே சித்தப்பா இத்தினி வருஷமா வலை போடறோம்? இன்னா கெடச்சுது?” ஆசிரியர் நண்பர் பாப் ஹௌட்டனை மேற்கோள் காட்டினார். ஹௌட்டன் காலத்தில் 2007இலும் 2009இலும் நேரு கோப்பை, 2008இல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை, அதன் வழியாக இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு 2011 ஆசியக் கோப்பையில் இடம். அதற்குப் பதிலாகச் சித்தப்பா ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீமைக் கொண்டுவந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951 டெல்லியிலும் 1962 ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தா இறுதியில் தென்கொரியாவை 2-1 என வென்ற ஒன்பது மாதங்களில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்த நம் சைமன் சுந்தரராஜ் அந்த ரஹீமின் பிள்ளைகளில் ஒருவர்தான். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசிக் கோல் இன்றுவரை அதுவே. இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் எந்த விவாதமும் அரை நிமிடம் அமைதியாகும்.

வெளிநாட்டவர் என்ற சொல்லைப் பழவேற்காட்டில் உட்கார்ந்து உச்சரிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் இடிபாட்டுக்கும், மண்டையோடு செதுக்கிய கற்கள் நிற்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் நாங்கள். 1825இல் ஆங்கிலேயரிடம் ஊரைக் கொடுத்துவிட்டுப் போன அந்த நாட்டிலிருந்து 2012இல் விம் கூவர்மான்ஸ் என்பவர் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். வந்தவுடன் நேரு கோப்பையை வென்றார். 2014இல் போய்விட்டார். “டச்சுக்காரன் இங்க கல்லறையாவது விட்டுட்டுப் போனான், இவர் இன்னா விட்டுட்டுப் போனார்?” என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமற்றதுதான். இரண்டாண்டுக்கு வருகிறவர் எதை விட்டுச்செல்ல முடியும்? ஆனால் பயிற்சியாளரை அவர் வென்ற கோப்பைகளைக் கொண்டன்றி, அவர் போன பிறகு மைதானத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கொண்டு அளக்கலாமே என்ற எண்ணம் அன்றுதான் எங்களுக்கு வந்தது. ஜமீல் பெயரைக் கேட்டதும் ஜமீலாபாத் நண்பர் “எங்க ஊர்க்காரர்தான்” என்று உரிமை கொண்டாடியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதற்கு எதிர்வாதம் இல்லை.

பேச்சு ஒரு நாள் பாட்டுக்குத் திரும்பியது. வாசகர்கள் இசையை நினைத்துவிட வேண்டாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களுக்குள் வழிவழியாக வரும் மீன்பிடி முறைக்குப் பெயர் பாடு. ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் வளமான இடங்கள் சில உண்டு. அவ்விடங்களில் எவரும் நினைத்த நாளில் வலை போட இயலாது. தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி வரிசை அமைத்து, இடங்களைச் சுழற்றி விடுவார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவன் நாளை வேறிடத்துக்குப் போக வேண்டும். திறமையுள்ளவனும் இல்லாதவனும் எல்லா நீரையும் ஒருமுறை பார்த்துவிடுவான். ஆய்வாளர்கள் இதைப் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். பாட்டில் பங்கில்லாத சமூகத்தவர் இதை அப்படிப் புகழ்வதில்லை என்பதையும், அதன்பொருட்டு ஏரியில் பூசல்கள் நடந்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் நேர்மை. எங்களுள்ளேயே பாடு உள்ளவரும் இல்லாதவரும் இருக்கிறோம். அந்த மாலைப் பேச்சு சற்றுச் சூடாகத்தான் போயிற்று.

“மூணு பேர் பேரையும் சீட்டுல எழுதிக் குலுக்குங்கப்பா” என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னதில் ஒரு கூர்மை இருந்தது. பாட்டில் ஒருவனுக்கு மீன் படவில்லையென்றால் அவனை யாரும் திட்டுவதில்லை. அவன் நின்ற இடத்தையும் அன்றைய நீரோட்டத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். பயிற்சியாளருக்கு மட்டும் நாம் அந்தக் கணக்கைக் கொடுப்பதில்லை. எங்கள் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் எப்பேர்ப்பட்ட வலைக்காரனும் வெறுங்கையோடுதான் திரும்புவான். அப்போது வலைக்காரனை மாற்றுகிறோமா, மணலை வாருகிறோமா? இந்தியக் கால்பந்தின் முகத்துவாரம் எது என்று ஆளுக்கொரு பதில் சொன்னோம். சிறுவர்களுக்கான போட்டிகள் ஆண்டுக்கு மிகச் சில. கழக அணிகளின் முன்வரிசையில் கோல் அடிக்கும் இடங்களை வெளிநாட்டு வீரர்களே பெரும்பாலும் நிரப்புகிறார்கள். 2024இல் ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை நாற்பது வயதில் 2025 மார்ச்சில் மறுபடியும் அழைத்துவர வேண்டியிருந்தது. இவற்றுள் எதுவும் பயிற்சியாளரின் கையில் இல்லை.

இத்தனை அக்கறைக்கும் எங்கள் தரப்பில் ஒரு காரணம் இருந்தது. அதே மாதத்தில் எங்கள் குப்பத்துப் பையன்களின் அணிக்கும் பயிற்சியாளர் தேவைப்பட்டார். இருபத்திரண்டு சிறுவர்கள். பாதிப் பேருக்குக் காலணி கிடையாது. வடசென்னையிலிருந்து, டி உரிமம் பெற்ற ஓர் இளைஞர் வாரம் மூன்று நாள் வர இசைந்தார். வியாசர்பாடியில் ஆடிப் பழகியவர், கற்பிக்கும் முறையறிந்தவர். பேருந்துச் செலவும் சிறு தொகையும் கேட்டார். மறுபக்கம் எங்கள் சித்தப்பாவின் தம்பி மகன். எந்தத் தாளும் இல்லாதவன். ஆனால் எந்தப் பையன் எந்த வீட்டில் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்பது வரை அறிந்தவன். மீன்பாடு நன்றாக இருக்கும் நாளில் மைதானத்துக்கு வரமாட்டான் என்பதே அவனிடம் உள்ள குறை. எங்கள் அணி முன்பு ஒரு போட்டிக்குப் போயிருந்தபோது, தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர் உடனில்லை என்று சொல்லிப் பையன்களைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்த வேனில் பேசாமல் உட்கார்ந்து வந்த பிள்ளைகளில் இருவர் மறுமாதமே படகு ஏறிவிட்டார்கள். ஆகையால் தாள் வெறும் தாள்தான் என்று எங்களால் சொல்லவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 1 அன்று சம்மேளனம் ஜமீலைத் தேர்ந்தது. 2011-12இல் சாவியோ மெதைராவுக்குப் பிறகு அப்பொறுப்பை முழுநேரமாக ஏற்ற முதல் இந்தியர். மே மாதம் சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் ஜமீலின் ஜாம்ஷெட்பூரை 3-0 என வீழ்த்தியது எஃப்.சி. கோவா. அந்தக் கோவாவின் பயிற்சியாளர் தேசிய அணியையும் அப்போது சேர்த்துக் கவனித்துவந்த அதே மார்க்கெஸ். விதியின் நகைச்சுவை இப்படியும் அமையும். எங்கள் குப்பத்திலும் முடிவு அந்த வாரமே எடுக்கப்பட்டது. இருவரும் என்று முடிவாயிற்று. சனி, ஞாயிறு இளைஞர் வருவார். மற்ற நாள்களில் தம்பி மகன். அவன் டி உரிமப் பயிற்சிக்குப் போவதற்கான கட்டணத்தை ஏலத்திலிருந்து ஒரு பங்காக ஒதுக்குவது. ஏலக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

ஜமீலின் தொடக்கம் எங்களை மயக்கியது என்றே சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 29 அன்று தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்றார்கள். ஈரானிடம் தோல்வி, ஆப்கானிஸ்தானுடன் சமன், பிறகு ஓமானைப் பெனால்டிகளில் வீழ்த்தி நடு ஆசியப் போட்டியில் மூன்றாமிடம். அதே செப்டம்பரில் சென்னையின் எஃப்.சி.யும் கிளிஃபர்ட் மிராண்டாவை அமர்த்தியது. 2022இல் நம் சபீர் பாஷாவை இடைக்காலத்துக்கு மட்டும் நிறுத்திவைத்த அணி, இந்தியர் ஒருவரை நிரந்தரமாக அமர்த்தியது அதுவே முதல்முறை. சித்தப்பா அந்த மாதம் முழுவதும் மிடுக்காக நடந்தார்.

அக்டோபரில் எல்லாம் கவிழ்ந்தது. சிங்கப்பூருடன் அங்கே 1-1. ஐந்து நாள் கழித்து, 14ஆம் தேதி, மட்கானில் 1-2. 2027 ஆசியக் கோப்பைக் கதவு மூடியது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் முதல் தோல்வி. இதற்கிடையே ஒளிபரப்பு, வணிக உரிமைச் சிக்கலால் ஐ.எஸ்.எல். அந்த ஆண்டின் இறுதிவரை தொடங்கவேயில்லை. ஆடுவதற்கு லீக் இல்லாத வீரர்களை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர் என்ன செய்வார் என்று நாங்கள் கேட்டோம். கேட்டவர்களில் ஏலக்காரரும் இருந்தார். ஆனால் டாக்கா தோல்விக்கு மறுநாள் காலை இறால் கூடையைச் சரித்துக்கொண்டே அவர் சொன்னது இதுதான்: “சித்தப்பா, ஹபாஸை ஒரு தடவ கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.”

சித்தப்பா பதில் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழையில் எங்கள் மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பையன்கள் மணல்மேட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பி மகன் அன்று கடலுக்குப் போயிருந்தான். விசிலை எடுத்துக்கொண்டு அவர்தான் போனார்.