முப்பது ஆண்டுகள் தாமதமான ஒரு திருத்தம்

1993ஆம் ஆண்டு. கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையொன்றில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. இரசாயனவியலுக்கான நோபல் பரிசைக் காரி மல்லிசும் பகிர்ந்துகொண்ட வேளை, அவரது பி.சி.ஆர். முறை பற்றிய ஆங்கிலக் கட்டுரையொன்றை மொழிபெயர்க்கும் பொறுப்புக் கலைப் பட்டதாரியான என் தலையில் விழுந்தது. நுண்ணங்கிகளைப் பேணும் நிலையமொன்றின் பெயரில் ‘கல்ச்சர்’ என்ற சொல் இருந்தது. சற்றும் தயங்காமல் ‘கலாசாரச் சேகரிப்பு நிலையம்’ என்று எழுதிவிட்டேன். ஒப்புநோக்குநரும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பத்திரிகையும் கையுமாக வந்தார்.

“தம்பி, பற்றீரியாவுக்கும் கலாசாரம் உண்டோ?”

குரலில் ஏளனம் இல்லை. அது ‘வளர்ப்பு’ என்று திருத்திவிட்டு, ஒரு மணி நேரம் பாடமும் நடத்தினார்.

ஆக்கவுரிமை, அதாவது தமிழகத்தார் சொல்லும் காப்புரிமை, ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடிப்பைப் பிறர் செய்து பார்க்கும் அளவுக்கு எழுத்தில் விளக்க வேண்டும். பதிலாகச் சில காலம் தனியுரிமை கிடைக்கும். இயந்திரத்தை எழுதி விளக்கலாம். ஒரு நுண்ணங்கியை எத்தனை பக்கம் எழுதினாலும், படித்தவர் அதை உண்டாக்கிவிட முடியாது. ஆகவே உயிருள்ள மாதிரியையே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. முன்னர் இதை நாட்டுக்கு நாடு செய்ய நேர்ந்தது. 1977இல் கைச்சாத்திடப்பட்ட புடாபெஸ்ட் உடன்படிக்கை, அங்கீகாரம் பெற்ற ஒரு நிலையத்தில் வைத்தாலே உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் போதும் என்றாக்கியது. 2002இல் இந்தியாவின் சண்டிகார் நிலையமும் அந்த அங்கீகாரத்தைப் பெற்றது. மாதிரிகளை உறைநிலையில் உலர்த்தியோ, திரவ நைதரசனின் கடுங்குளிரிலோ குறைந்தது 30 ஆண்டுகள் பேண வேண்டும். மாதிரி இறந்துபோனால், அறிவித்தல் கிடைத்து மூன்று மாதங்களுக்குள் உரியவர் புதியதைக் கொடுக்க வேண்டும்.

நான் மொழிபெயர்த்த கட்டுரையின் நாயகன் இப்படி ஆக்கவுரிமைக்காக வைக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவின் வெந்நீரூற்றில் தோமஸ் புரொக் 1960களில் கண்டெடுத்து, எவரும் பெற்றுக்கொள்ளும்படி சேகரிப்பு நிலையத்தில் வைத்த பற்றீரியா அது. அதன் நொதியம் கொதிவெப்பத்தையும் தாங்கியதாலேயே பி.சி.ஆர். முறை எளிதாயிற்று. 1991இல் அம்முறைக்கான உரிமைகள் 30 கோடி டொலருக்குக் கைமாறின. பூங்காவுக்கு அதில் பங்கில்லை. “வைத்தவர் ஒருவர், எடுத்தவர் இன்னொருவர்” என்றார் ஆசிரியர்.

அவர் போன பின் திருத்தம் எழுதிச் செய்தியாசிரியரிடம் நீட்டினேன். “இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?” என்று மேசை லாச்சிக்குள் போட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த சில நாட்கள் அந்த ஆசிரியர் பத்திரிகையைப் புரட்டித் தேடியிருப்பார் என்ற எண்ணம் இன்றும் உறுத்துகிறது.

2020இல் கொரோனாப் பரிசோதனைக்காக மூக்கில் குச்சியை விட்டபோது அவர் நினைவுதான் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இறந்த மாதிரிக்கு மாற்றுக் கொடுக்க விதிக்கப்பட்ட கெடு மூன்று மாதம். பிழையான ஒரு சொல்லுக்கு மாற்றுக் கொடுக்க எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இனியாவது பதிந்து வைக்கிறேன்: ‘கலாசாரச் சேகரிப்பு’ என்பதை ‘வளர்ப்புச் சேகரிப்பு’ எனத் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன், ஐயா.