பிக்கப் வண்டியும் மணல் மூட்டையும்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலம் நெருங்கினால் ஹார்டுவேர் கடைகளில் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். நீளமாக, தலையணை உறை மாதிரி இருக்கும். ஒரு மூட்டை சுமார் 27 கிலோ. வீடு கட்டுவதற்கா என்றால் இல்லை. பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் நாலைந்து மூட்டை வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு, பனி உருகும் வரை அப்படியே சுமந்து திரிவார்கள். பெட்ரோல் விற்கிற விலையில் யாராவது சும்மா மண்ணைச் சுமப்பார்களா?

காரணம் அந்த வண்டியின் உடல்வாகு. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆட்கள் உட்காரும் கேபின் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் திறந்த தொட்டி, அதுவும் பெரும்பாலான நாட்கள் காலி. ஆனால் இரண்டு சக்கர டிரைவ் பிக்கப்பைத் தள்ளுவது பின் சக்கரங்கள்தான். அதாவது, வேலை செய்ய வேண்டிய கால்கள் மேல் எடை இல்லை. எடை இருக்கும் கால்களுக்கு அந்த வேலை இல்லை. காய்ந்த ரோட்டில் இது யாருக்கும் தெரியாது. பனியில் சிக்னலில் நின்று கிளம்பும்போதுதான் தெரியும். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், வால் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வு விதிதான். சக்கரம் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்குப் பிடிப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடை 2000 கிலோ, அதில் பின் சக்கரங்கள் மேல் 800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடையில் 40 சதவீதம்தான் வண்டியைத் தள்ளப் பயன்படுகிறது. பின் அச்சுக்கு நேர் மேலே 150 கிலோ மணல் ஏற்றினால் 2150-இல் 950, அதாவது சுமார் 44 சதவீதம். இறுகிய பனியில் உராய்வுக் கெழு 0.2 என்று எடுத்துக்கொண்டால், 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் மேட்டில் திணறிய வண்டி இப்போது 8.8 மீட்டர் உயரும் மேட்டில் ஏறும்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஆனால் மினசோட்டா மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் மாதிரி, தெருவெல்லாம் செங்குத்தாக மலையேறும் ஊரில் அந்தக் கொஞ்சம்கூட உதவும். வீட்டுக்குப் போய்ச் சேர்வதா, பாதி மேட்டில் நின்று பின்னால் சறுக்குவதா என்பது சில நாள் அதில்தான் இருக்கிறது.

அடுத்து, மூட்டையை எங்கே வைப்பது? நிறையப் பேர் பின்கதவைத் திறந்து, தூக்குவதற்குச் சிரமப்பட்டு வாசலிலேயே போட்டுவிடுவார்கள். அங்கேதான் தப்பு. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் வைத்தால் வண்டி ஏற்றப்பலகை மாதிரி ஆகிவிடும். முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.5 மீட்டர் என்றால், அதே 150 கிலோ முன் சக்கரங்களிலிருந்து சுமார் 43 கிலோவைத் தூக்கிவிடும். வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள், பிரேக் பிடிப்பதிலும் பெரிய பங்கு அவைதான். கிளம்புவதற்குப் பிடிப்புத் தேடப் போய் திருப்பத்தில் பிடிப்பைத் தொலைத்த கதை! தொட்டிக்குள் சக்கரங்களுக்காக இரண்டு பக்கமும் மேடு இருக்கும். அந்த மேடுகளுக்கு நடுவில் வைத்து, முன்னும் பின்னும் நகராதபடி மரச்சட்டம் கொடுத்துப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

கட்டாமல் விடுவதுதான் உயிருக்கே ஆபத்து. சிமெண்ட் கல், பழைய இரும்பு, உடற்பயிற்சிக்கு வாங்கிய எடைத்தட்டு என்று கையில் கிடைத்ததை எல்லாம் போடுகிறவர்கள் உண்டு. வண்டி எதிலாவது மோதி நின்றால் வண்டி மட்டும்தான் நிற்கும். கல் வந்த வேகத்திலேயே முன்னால் போகும். அதற்கும் ஓட்டுநரின் தலைக்கும் நடுவில் இருப்பது பின் கண்ணாடி மட்டும். மணலை எல்லோரும் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், மூட்டை உருளாது. தவிர, எங்காவது சிக்கிக்கொண்டால் பிரித்துச் சக்கரத்துக்கு முன்னால் தூவலாம். ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து அதுவும் கல்லாகிவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவருக்கும் ஒரு ஆபத்து பாக்கி இருக்கிறது. அதுதான் தைரியம். சக்கரம் சுற்றாமல் வண்டி ஜம்மென்று கிளம்பியதும் ரோடே நல்லாகிவிட்டது போல ஒரு நினைப்பு வரும். ஆனால் நிறுத்தும்போது நான்கு சக்கரங்களும் பிரேக் பிடிக்கின்றன. மணலால் உராய்வு எவ்வளவு கூடுகிறதோ, அதே விகிதத்தில் நிறுத்த வேண்டிய எடையும் கூடுகிறது. கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. மணி‌க்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தபின் 12, 13 மீட்டரில் நிற்கும். அதே 0.2 உராய்வுள்ள பனியில் கிட்டத்தட்ட 50 மீட்டர் ஓடும். மூட்டை இருந்தாலும் அதே 50 மீட்டர்தான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் போட்ட எடை வரம்பைத் தாண்டி ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நான்கு சக்கர டிரைவ் வண்டிக்காரர்களும் ஊரோடு ஒத்து மூட்டை ஏற்றுவதுண்டு. நான்கு சக்கரமும் தள்ளும்போது முழு எடையும் ஏற்கெனவே வேலை செய்கிறது. அதனால் மேடு ஏற மணலால் பெரிதாக லாபம் இல்லை. காலி வண்டியின் வால் ஆடுவது கொஞ்சம் குறையலாம், அவ்வளவே.

கிளம்ப, திருப்ப, நிறுத்த மூன்றுக்கும் உதவுவது பனிக்கால டயர் ஒன்றுதான். சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகிவிடும், இந்த ரப்பர் இளகியே இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்திருப்பதைப் பார்த்து வாங்கலாம். கனடாவின் கியூபெக் மாகாணம் 2008-லேயே இதைக் கட்டாயமாக்கியது. 2019 முதல் டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரை அங்கே பதிவான கார், பிக்கப் வண்டிகளுக்கு இந்த டயர் இருந்தாக வேண்டும். மணல் மூட்டையை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை.

நான்கு டயரின் விலைக்கு முன்னால் மணல் விலை ஒன்றுமே இல்லை என்பது உண்மைதான். கையில் பணம் இல்லாதவர் முதலில் மூட்டையைத்தான் வாங்குவார், வாங்கட்டும். முன்னால் போகும் வண்டிக்கு மட்டும் மூட்டை இல்லாத நாளில் விடுகிற அதே இடைவெளியை விட்டு ஓட்டட்டும்.