ஸ்பெய்ன் சாப்பாட்டு மேசையில் அரபுச் சொற்கள்



ஸ்பெய்ன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவன குர்துபா பள்ளிவாசலும் கர்னாதாவின் அல்ஹம்றா மாளிகையும்தான். இம்முறை அவற்றை விட்டுவிட்டு உங்களை அந்நாட்டின் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துச் செல்கிறேன். 711 முதல் 1492 வரை அங்கே நிலவிய முஸ்லிம் ஆட்சியின் மிச்சத்தை அங்கேதான் நாள்தோறும் காதால் கேட்கலாம்.

கர்னாதாவில் காலையில் ஒரு சிற்றுண்டிச்சாலைக்குப் போனால் வாட்டிய பாணும், அதற்கு ஊற்ற ஒலிவ் எண்ணெயும், அரைத்த தக்காளியும் வரும். காலையுணவுக்கு அங்கே 'தெஸயுனோ' என்பார்கள். 'அயுனோ' என்றால் நோன்பு. அதை முடிப்பதே தெஸயுனோ. அரபியில் காலையுணவு 'ஃபதூர்'. நமது 'இஃப்தார்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். வெவ்வேறு மொழிகள், ஆனால் எண்ணம் ஒன்றாக இருப்பதைப் பாருங்கள்.

பாணில் ஊற்றும் எண்ணெய் 'அஸெய்த்தே'. இது அரபியின் 'அஸ்ஸைத்'. ஒலிவ் காய் 'அஸெய்த்தூனா'. அத்தீன் சூறாவை மனனமிட்ட சிறு பிள்ளைக்கும் 'ஸைத்தூன்' தெரியும் அல்லவா? சீனி 'அஸூக்கர்', அது 'அஸ்ஸுக்கர்'. கோப்பைக்குச் சொல்லும் 'தாஸா'வும் அரபியிலிருந்து போனதே.

பகலுணவு 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில். இரவுணவாகிய 'ஸெனா' 9 மணிக்குப் பின்னர்தான். 1940இல் அந்நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்ததும் இதற்கு ஒரு காரணம். சிறுவர்களின் பசியை மாலைச் சிற்றுண்டியான 'மெரியெந்தா' தணிக்கிறது. பகல் மேசையில் சோறு 'அர்ரோஸ்', குங்குமப்பூ 'அஸஃப்ரான்', கத்தரிக்காய் 'பெரென்ஹேனா'. இறைச்சி உருண்டை 'அல்போந்திகா'. உருண்டையான கொட்டையைக் குறிக்கும் 'அல்புந்துக்' என்பதிலிருந்து வந்தது. ஆனால் 'அல்' என்று தொடங்குவதெல்லாம் அரபியாகிவிடாது. பகலுணவைக் குறிக்கும் 'அல்முவெர்ஸோ' லத்தீன் மொழியில் பிறந்த சொல்.

பயணம் போகும் சகோதரிகள் இரண்டு சொற்களை மறந்துவிடக் கூடாது. 'ஹமோன்' என்பது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை. 'மந்தேக்கா' என்பது ஸ்பெய்னில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. ஆர்ஜென்டீனாவில் அதே சொல்லுக்குப் பட்டர் என்று பொருள். ஐயமிருந்தால் "நோ கோமோ ஸெர்தோ" என்று சொல்லுங்கள். "நான் பன்றியிறைச்சி உண்பதில்லை" என்பது அதன் பொருள். பரிமாறுபவர் தலையசைத்துவிட்டு வேறு உணவு கொண்டு வருவார்.

இந்தச் சிறு வசனத்தை அங்கே துணிந்து சொல்ல முடியாத காலமும் இருந்தது. கர்னாதா வீழ்ந்த பின் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான முஸ்லிம்கள் 'மொரிஸ்கோ' எனப்பட்டனர். அவர்கள் பன்றியிறைச்சியை மறுத்தாலும், குஸ்குஸ் சமைத்தாலும், தரையில் அமர்ந்து உண்டாலும் மத விசாரணை மன்றம் அதைக் குற்றத்தின் அடையாளமாகப் பார்த்தது. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னனின் கட்டளை அவர்களின் அரபு மொழியையே தடைசெய்தது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

ஆனால் பொருள்களோடு சேர்ந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அடுப்படிக்குள் வந்துவிட்ட சொற்களை எவரால் வெளியேற்ற முடியும்? அரபு பேசக் கூடாது என்று ஆணையிட்டவரும் எண்ணெய் கேட்கும்போது 'அஸெய்த்தே' என்றுதானே கேட்டிருப்பார்!

இதில் மனதை வருத்தும் ஒரு செய்தியும் உண்டு. ஏதேனும் நல்லது நடக்க வேண்டும் என்று ஆசைப்படும்போது ஸ்பானியர் 'ஒஹலா' என்கின்றனர். 'அல்லாஹ் நாடினால்' என்ற அரபு வசனமே அப்படித் தேய்ந்து போனது. சொல்பவர்களில் பலருக்கு அதற்குள் யாருடைய பெயர் இருக்கிறது என்பது தெரியாது. சொல் தங்கிவிட்டது, பொருளைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆளில்லாமல் போய்விட்டது.

நமது கலியாண வீடுகளில் ஆறு பேர் சூழ்ந்திருந்து உண்ணும் 'சஹன்' கூட அரபுச் சொல்தான்; தட்டு என்று பொருள். அடுத்த முறை சஹனில் அமரும்போது பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் அதைச் சொல்லிவையுங்கள். "பிஸ்மி சொல்லு" என்று பழக்கும் தாய், அதன் பொருளையும் அந்த வாய்க்கு ஊட்டிவிடட்டும்.