மதகும் துடுப்பும்

ஓய்வு பெற்ற தம்பதியர் எந்தத் திசையில் பயணம் செய்ய வேண்டும் என்பதை ஊரார் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள்: காசி, ராமேஸ்வரம், பேரக்குழந்தை. நாங்களும் அந்த மூன்றாம் திசையில்தான் முதலில் புறப்பட்டோம். கட்டுரைக்குள் போகுமுன் எங்களைப் பற்றி ஓரிரு வரிகள். எங்களில் ஒருவர் நீலகிரியின் அணைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவர். மற்றவர் குன்னூரில் தமிழாசிரியையாக இருந்தவர். எழுதுவது இருவரும் சேர்ந்துதான். ஒருவர் எழுதிய வாக்கியத்தை மற்றவர் அடித்துத் திருத்துவது எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுப் பழக்கம்.

2017 ஆகஸ்டில் டொரண்டோவிலிருந்து எங்கள் மகன் எங்களை அல்கான்குவின் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். பூங்கா என்றதும் குன்னூர் சிம்ஸ் பூங்காவைப் போன்றதொன்றையே எதிர்பார்த்தோம். அதுவோ 1893இல் உருவாக்கப்பட்ட, ஏழாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு. உள்ளே ஏரிக்குப் பின் ஏரி. கானோ எனப்படும் ஒடுங்கிய படகில் கூடாரம், அரிசி, பருப்பு யாவற்றையும் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட வேண்டும். ஓர் ஏரி முடியும் இடத்தில் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமந்து அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். இருட்டுமுன் ஒரு கரையில் ஒதுங்கி, கரடிக்கு எட்டாத கிளையில் சோற்றுமூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு உறங்க வேண்டும். அங்கே எங்களினும் மூத்த ஒரு தம்பதியைப் பார்த்தோம். இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை. முன்னால் இருப்பவர் வலிக்கிறார், பின்னால் இருப்பவர் வலித்தபடியே திசை திருப்புகிறார். படகு நேராகப் போயிற்று.

இரண்டாம் இரவு, தணல் அருகே, அணைக்காரர் ஒன்றைச் சொன்னார். குந்தா நீர்மின் திட்டம் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு கட்டப்பட்டது என்பதை மலையில் எல்லாரும் அறிவர். "இவர்கள் நமக்கு ஏரி வெட்டக் கற்றுத் தந்தார்கள். ஏரியில் இறங்கக் கற்றுத் தரவில்லை" என்றார். முப்பத்தொரு ஆண்டுகள் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதியவர், ஒருநாளும் அந்த நீரில் கைவைத்ததில்லை. நீர் அவருக்கு ஓர் எண். அடி, கன அடி, வினாடி.

ஊர் திரும்பியதும் நீலகிரியின் வரைபடத்தை உணவு மேசையில் விரித்தோம். நீல நிறத்துக்குக் குறைவேயில்லை. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, பார்சன்ஸ் பள்ளத்தாக்கு, போர்த்திமந்து, முக்குருத்தி, பைக்காரா, காமராஜ் சாகர். இவற்றில் ஒன்றுகூட இயற்கையாய் அமைந்த ஏரியன்று. ஊட்டி ஏரியே 1820களில் ஜான் சல்லிவன் வெட்டியது. அதன் பழைய பரப்பின் மேல்தான் பின்னாளில் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் அமைந்தன. மற்றவை இருபதாம் நூற்றாண்டில் மின்சாரத்துக்காகவும் குடிநீருக்காகவும் தேக்கப்பட்டவை. அந்நீருக்கடியில் புல்வெளிகள் இருக்கின்றன. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அது. முக்குருத்திச் சிகரத்தை அவர்கள் இறந்தோர் உலகின் வாயிலாகக் கருதுகிறார்கள். மேசை மீதிருந்து பார்க்கையில் நீலமாகத் தெரிந்தது, அருகே போகப் போக வேறு நிறம் காட்டியது.

அருகே போகவும் எளிதில் முடிவதில்லை. அணை என்பது காவலுக்குரிய இடம். சுற்றியிருப்பது காப்புக்காடு. பைக்காராவிலும் ஊட்டியிலும் சுற்றுலாக் கழகத்தின் படகுத்துறைகள் உண்டு. சீட்டு வாங்கி, உயிர்காப்புச் சட்டை அணிந்து, அரைமணி நேரம் சுற்றி வரலாம். சொந்தப் படகு, கரையில் உறக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. அந்தக் காவலின் ஒரு பகுதியாக இருந்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். படகோடு வந்த இளைஞர்களைத் தாமே பலமுறை திருப்பி அனுப்பியதாக அணைக்காரர் ஒப்புக்கொண்டார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, பணியில் இல்லாதிருந்தும் அவர் இரவெல்லாம் உறங்காமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். அந்த நீர் விளையாட்டுக்கானதன்று என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருந்தாலும் ஆசை விடவில்லை. மகன் அனுப்பிய காற்றடைக்கும் படகொன்று பரணில் கிடந்தது. தெரிந்த மேலாளர் ஒருவரிடம் இசைவு பெற்று, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் அதை இறக்கினோம். குளத்தின் நீளம் பதினான்கு துடுப்பு. பதினான்கு போட்டால் அக்கரை; திருப்பிப் பதினான்கு போட்டால் இக்கரை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"என்ன டீச்சர், மீனு புடிக்கிறீங்களா?"

"இல்லம்மா, சும்மா போறோம்."

"சும்மாவா?" என்று சிரித்தார்கள். அவர்களில் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த தடம். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். "நான் ஒரே தடவைதான் தண்ணி மேல போயிருக்கேன் டீச்சர். தலைமன்னார்லேருந்து ராமேஸ்வரம். அப்பவும் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்" என்றார். படகில் ஏறி உட்காருங்கள் என்றோம். வேண்டாம் என்று கையசைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். அன்று மாலை கூடாரம் அடிக்காமலே வீடு திரும்பினோம்.

இதற்கிடையில் வேறொன்று நிகழ்ந்தது. அணைக்காரரின் வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேநீர்க் கோப்பையில், பிறகு கையெழுத்தில். கோயமுத்தூர் மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரை தந்து, "நன்றாக நடங்கள், கையை வேலையில் வைத்திருங்கள்" என்றார். புதிய இடம் தேடும் விளையாட்டுக்கு அன்று முதல் ஒரு கெடு வந்துவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கோடநாடு காட்சிமுனைக்குப் பலமுறை சென்றிருக்கிறோம். தேயிலைச் சரிவு முடியும் விளிம்பில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கு திறந்து கிடக்கும். வறண்ட காட்டின் நடுவே ஒரு கைக்குட்டை அளவுக்குப் பச்சை வயல், அதுதான் தெங்குமரஹாடா. 1948இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்து உழுத ஊர். நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது; ஆனால் போக வேண்டுமென்றால் மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வந்து, பவானிசாகர் சுற்றி, காட்டுப்பாதையில் மோயாற்றின் கரைவரை செல்ல வேண்டும். அங்கே சாலை முடிந்துவிடும். ஆற்றின் அக்கரையில் ஊர். பாலம் வேண்டுமென்ற கோரிக்கை நெடுநாளையது. இடையில் இருப்பது பரிசல்.

வெளியார் வனத்துறையின் அனுமதியின்றிப் போக முடியாத ஊர் அது. 2024 தை மாதம், ஆசிரியையிடம் படித்த மாணவி ஒருத்தியின் திருமண அழைப்பு அங்கிருந்து வந்தது. அனுமதியும் பெற்றுப் பேருந்தேறினோம்.

பரிசலைத் திரைப்படத்தில் பார்த்திருப்பவர்களுக்கு அதன் எளிமை புரியாது. மூங்கில் பிளாச்சுகளை முடைந்த ஒரு பெரிய கூடை. முன்காலத்தில் தோல் போர்த்துவார்கள், பிறகு தார் பூசிய உறை வந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரே துடுப்பு. தெரியாதவன் போட்டால் நின்ற இடத்திலேயே சுழலும். பரிசல்காரர் எங்களோடு இரண்டு அரிசி மூட்டைகள், ஒரு வாழைத்தார், பள்ளிப் பிள்ளைகள் மூவர் என ஏற்றிக்கொண்டார். ஓரத்தில் முதலை படுத்திருக்கும் மணல்திட்டைக் கையால் காட்டினார். பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடு ஆற்றில் அணைக்காரர் கேட்டார்: "தண்ணி எப்பவும் இவ்வளவுதான் வருமா?"

"மேல டேம்ல தொறக்கிறதப் பொறுத்துதாங்க. மழக்காலத்துல தொறந்துட்டாங்கன்னா பரிசல் போடமாட்டோம். மூணு நாளு, நாலு நாளு அந்தக் கரை அந்தக் கரையா, இந்தக் கரை இந்தக் கரையா உக்காந்திருப்போம். போன தடவை வயித்துவலிக்காரப் பொண்ணு ஒண்ணு. விடியறவரைக்கும் கரையிலயே வச்சிருந்தோம்."

"அப்புறம்?"

"பொழச்சுக்கிச்சுங்க. எல்லாரும் பொழைக்கிறதில்ல."

பைக்காராவின் நீர் மின்நிலையங்களில் சுழன்று இறங்கி மோயாற்றில் சேர்கிறது. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. இது எங்களில் ஒருவருக்கு மனப்பாடம். அணை நிரம்பினால் உபரி நீரைத் திறந்தே ஆக வேண்டும். திறக்காவிட்டால் கேடு இன்னும் பெரிது. திறக்குமுன் கீழே எச்சரிக்கை போகும். பதிவேட்டில் நேரம், அடி, வெளியேற்றம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் பணியாற்றிய காலத்தில் அதை எத்தனையோ இரவுகளில் செய்திருக்கிறார். எதிலும் பிழையில்லை. ஆனால் அந்தக் கையொப்பத்தின் மறுமுனையில் இந்தக் கரை இருந்தது என்பதை அறுபத்தெட்டு வயதில், அந்தத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கையில்தான் அவர் கண்டார். தாம் யார் என்று பரிசல்காரரிடம் சொல்வார் என ஆசிரியை எதிர்பார்த்தார். சொன்னார். பரிசல்காரர் சற்று நேரம் பேசாமல் வலித்தார். பிறகு, "அப்ப உங்களுக்குத் தண்ணியப் பத்தி நல்லாத் தெரியுமே சார்" என்றார். கேலியா மரியாதையா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு.

மறுநாள் காலை, கூட்டம் குறைந்த நேரத்தில், அவரே அழைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்தார். பரிசல் சுழன்றது. மலை வந்தது, மணல்திட்டு வந்தது, மறுபடி மலை வந்தது. "இழுக்காதீங்க சார், எட்டுப் போடற மாதிரி போடுங்க" என்றார். நடுங்கும் கை எட்டுப் போட்டது. பரிசல் கோணலாக, மெல்ல, ஒரு பத்தடி போயிற்று. ஆசிரியை அந்தப் பத்தடியை எண்ணினார். அளவு சொல்வது அணைக்காரரின் வேலை என்றாலும்.

புலிகள் காப்பகப் பகுதியிலிருக்கும் அந்த ஊரை வெளியே குடியமர்த்தும் பேச்சு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்பது கணக்கு. போகலாம் என்பவர்களும் உண்டு, வயலை விட்டு எங்கே போவது என்பவர்களும் உண்டு. திருமண வீட்டுத் திண்ணையில் இரவு முழுதும் அதே பேச்சு. கேட்டபடியே பாயில் படுத்தோம். ஆற்றொலி கேட்டது. கனடாவிலிருந்து திரும்பியபின் நீர் அருகே நாங்கள் உறங்கிய முதல் இரவு அதுதான்.

மகன் தொலைபேசியில், "புது இடம் ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டான். கிடைத்தது என்றோம். எத்தனை கிலோமீட்டர் துடுப்புப் போட்டீர்கள் என்றான். பத்தடி என்றோம். சிரித்தான். காற்றடைக்கும் படகைத் தோட்டத்து மேலாளரின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். இப்போதெல்லாம் மலையில் பெருமழை பெய்தால் அணைக்காரர் முன்போலவே கூடத்தில் நடக்கிறார். முன்பு நீர்மட்டம் என்ன என்று பழைய சகாக்களைக் கேட்பார். இப்போது தெங்குமரஹாடாவுக்குப் போன் செய்து, பரிசல் போகிறதா என்று கேட்கிறார்.