கொல்லிமலைக்கு ஒரு கிளட்ச்

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்தில் ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ்ஸில் போகிறவர்களுக்கு வயிற்றைப் பற்றிக் கவலை. பழைய மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கோ கிளட்சைப் பற்றிக் கவலை.

எங்கள் வாகனம் நண்பர் ஒருவரின் 350 சி.சி. புல்லட். 1955-ல் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்து வந்த பழைய ரகம். கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. சேந்தமங்கலம் தாண்டியதும், முறுக்கினால் எஞ்சின்தான் கத்தியது. வண்டி தன் பாட்டுக்குப் போயிற்று. நிறுத்திவிட்டுக் கிக்கரை மிதித்தால் கால் வெறுமனே இறங்கியது. இந்த வண்டியில் கிக்கரின் வலு கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. ஆகவே கிளட்ச் வழுக்கினால் காலுக்கே தெரிந்துவிடும்.

"முழு செட்டையும் மாற்றிவிடலாம்" என்றார் நண்பர். சாலையோரப் பட்டறைப் பெரியவர் சம்மதிக்கவில்லை.

"இருங்க தம்பி, முதல்லே கேபிளைப் பார்ப்போமுங்க."

கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி வேண்டும். விறைப்பாயிருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். கேபிள் சரியாகவே இருந்தது. பிறகுதான் மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை உருவிப் பழைய பேப்பரில் பரப்பினார். உராய்வுப் பட்டைகள் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னின; கருகல் வாசனை வேறு. இரும்புத் தகடுகளை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துத் தட்டிப் பார்த்தார். ஒன்று ஆடியது; சூட்டில் நீலம் பூத்து வளைந்திருந்தது. ஸ்பிரிங்குகள் ஒன்றுக்கொன்று சமம்தான். ஆனால் புதுசு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தியதும் எல்லாமே குட்டை! கடைசியில் டிரம்மின் காடிகளில் நகத்தை ஓட்டினார். அங்கே ஆழமாகப் பள்ளம் விழுந்தால் பிளேட்டுகள் மாட்டிக்கொள்ளும், கிளட்ச் விடாது. இதில் லேசான தடம்தான்.

"இது அரத்துக்கே அடங்குமுங்க. மத்ததை மாத்தணும்."

"இறங்கி வந்தப்புறம் மாற்றினால் என்ன?" என்றார் நண்பர்.

"சமதரையிலே ஓடுமுங்க. மலையிலே வளைவுக்கு வளைவு அரைக் கிளட்ச் புடிப்பீங்க. பாதியிலே பிளேட்டு வெந்துபோனா, இறங்கறப்போ எஞ்சின் புடிமானமே இருக்காதுங்க."

நண்பர் மறுபேச்சில்லாமல் பர்ஸை எடுத்தார். கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்வாளாம். அவளுக்கு எதற்கு வீண் சிரமம்?

பையன் பஸ் ஏறி நாமக்கல் போய்ச் சாமான் வாங்கி வந்தான். சாயங்காலம் மலையேறினோம். புதுப் பட்டை அமர அமரக் கேபிளின் தளர்ச்சி குறையும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார். 40-வது வளைவில் நிறுத்திப் பார்த்தோம்; குறைந்துதான் இருந்தது. ஒரு திருகு திருகிவிட்டு, கீழே விளக்கேற்றத் தொடங்கியிருந்த ஊர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.