பூவிலேயே பேசப்படும் விலை



டொராண்டோவில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். “மாமா, ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரின் ரூக்கி கார்டு என்னிடம் இருக்கிறது. நானூறு டாலருக்கு வாங்கினேன். இப்போது ஆயிரத்துக்குக் கேட்கிறார்கள். ஜூன் மாதம் அவருக்கு விருது கிடைக்கும் என்று பேச்சு. அதுவரை வைத்திருக்கலாமா? இது ஆகுமான வியாபாரம்தானா?”

அன்றிரவே தங்கையும் அழைத்தாள். பகுதிநேர வேலையில் அவன் சேர்த்த பணமெல்லாம் அந்த ஓர் அட்டையில் முடங்கிக் கிடக்கிறது என்றும், செப்டம்பரில் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்றும் கவலையோடு கூறினாள்.

நான் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வியாபாரம் செய்பவன். எங்கள் ஊர்ப் பேச்சில் அது மல்லாட்டை. பனித்தளத்தில் ஆடும் ஹாக்கியை நான் நேரில் கண்டதில்லை. ஆயினும் கேட்டவன் வீட்டுப் பிள்ளை. அறியாமல் விடை சொல்லக்கூடாது என்று அவனிடமே கேட்டும், வாசித்தும் சில செய்திகளை அறிந்துகொண்டேன். நம் பிள்ளைகள் பலர் இத்தகைய சேகரிப்புகளில் ஈடுபட்டிருப்பதால் அவற்றை இங்கே பகிர்கிறேன்.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஒரு வீரர் அடியெடுத்து வைக்கும் பருவத்தில் வெளியாகும் அவருடைய முதல் அட்டையையே ரூக்கி கார்டு என்கிறார்கள். அதன் விலையை மூன்று செய்திகள் தீர்மானிக்கின்றன. எத்தனை பிரதிகள் அச்சாயின என்பது ஒன்று. மூலை மடங்காமல், நடு விலகாமல் அட்டை எவ்வளவு செம்மையாக இருக்கிறது என்பது இரண்டாவது. இதற்கு ஒன்று முதல் பத்து வரை தரமிடும் நிறுவனங்கள் உள்ளன. அந்த வீரர் பிற்காலத்தில் என்ன சாதிப்பார் என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் கண்ணால் கண்டு, எண்ணிப் பார்த்துவிடலாம். மூன்றாவது மறைவானது.

அந்த மூன்றாவதற்கு அளவுகோலாகத்தான் விருதுகளைப் பார்க்கிறார்கள். சிறந்த புதுமுக வீரருக்குக் கால்டர் கோப்பை. அணிக்கு மிகவும் பயன்பட்ட வீரருக்கு ஹார்ட் கோப்பை. கால்டர் கிடைத்தால் அட்டை விலை ஏறும் என்பது பொதுவான நம்பிக்கை. வரலாறு அவ்வளவு நேர்கோட்டில் செல்லவில்லை.

ஐஸ் ஹாக்கி அட்டைகளில் மிகப் புகழ்பெற்றது வெய்ன் கிரெட்ஸ்கியின் 1979ஆம் ஆண்டு அட்டை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், லண்டன் என்னும் ஊரில் மிட்டாயும் பபிள்கம்மும் தயாரித்த ஓ-பீ-சீ நிறுவனம் அதை வெளியிட்டது. அவர் கால்டர் கோப்பையைப் பெறவே இல்லை. முந்தைய ஆண்டு வேறொரு தொழில்முறை லீக்கில் ஆடியவர் என்பதால் புதுமுகமாகக் கருதப்படும் தகுதி அவருக்கு இல்லை என்றார்கள். அந்த ஆண்டின் கால்டர் ரே போர்க் என்பவருக்குச் சென்றது. அதே பருவத்தில் கிரெட்ஸ்கி ஹார்ட் கோப்பையை வென்றார். தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அதைத் தம் கையிலேயே வைத்திருந்தார்.

அந்த அட்டையின் பத்துத் தரப் பிரதி ஒன்று 2016இல் 4,65,000 டாலருக்கு விற்றது. 2020 டிசம்பரில் அதன் விலை 12.9 லட்சம் டாலர். 2021 மே மாதத்தில் 37.5 லட்சம் டாலர். கிரெட்ஸ்கி ஓய்வு பெற்றதோ 1999இல். இந்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. புதிதாகச் சாதிக்க அவருக்கு எதுவும் இருக்கவில்லை. ஏறியது வாங்குவோரின் வேட்கை மட்டுமே.

மறுபக்கமும் உண்டு. 2004இல் கால்டர் கோப்பையை வென்றவர் பாஸ்டன் அணியின் கோல்காவலர் ஆண்ட்ரூ ரேகிராஃப்ட். இரண்டே ஆண்டுகளில் பாஸ்டன் அவரை டொராண்டோ அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடியிராத டூக்கா ராஸ்க் என்ற இளைஞரைப் பெற்றது. சிறந்த கோல்காவலருக்கான விருதை 2014இல் வென்றவர் அந்த ராஸ்க்தான். 1993ஆம் ஆண்டின் வீரர் தேர்வில் முதலிடம் பெற்ற அலெக்சாண்டர் டேக் மீது கட்டப்பட்ட எதிர்பார்ப்பு மிகப் பெரிது. இரண்டாவதாகத் தேர்வான கிறிஸ் புரோங்கரே 2000ஆம் ஆண்டில் ஹார்ட் கோப்பையை வென்று, பின்னர் ஹாக்கிப் புகழ்மன்றத்திலும் இடம்பெற்றார். முதல் பருவத்திலேயே கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து கானர் மெக்டேவிட் கால்டரைத் தவறவிட்டார். அடுத்த பருவத்திலேயே ஹார்ட் கோப்பை அவரைத் தேடி வந்தது.

ஆகவே விருது ஓராண்டுக்கான சான்று. அட்டையின் விலையோ இருபது ஆண்டுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கிறது. மேலும், விருது வரும் என்று ஊரே எதிர்பார்த்திருந்தால் அந்த எதிர்பார்ப்பு முன்னதாகவே விலையில் ஏறி அமர்ந்துவிடும். மழை வரும் என்று எல்லோரும் நம்பிய பிறகு பெய்யும் மழைக்காக மண்டியில் யாரும் விலை மாற்றுவதில்லை. எதிர்பாராத மழைதான் விலையை அசைக்கும்.

இதை வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது மாந்தோப்புக் குத்தகை. மரம் பூத்திருக்கும்போதே காய்க்கு விலை பேசுவோர் நம் பக்கத்தில் உண்டு. கனி பக்குவமடைந்தது வெளிப்படும் முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். காற்றடித்துப் பூ உதிர்ந்தால் வாங்கியவன் எதற்காகப் பணம் கொடுத்தான்?

எனினும் அட்டையும் மாம்பூவும் ஒன்றல்ல. அட்டை கண்முன் இருக்கும் பொருள். பணம் கொடுத்தவன் கைக்கு அது வந்துவிடுகிறது. எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் இதைக் கேட்டேன். கண்ணால் கண்டு, தரம் அறிந்து, இசைவோடு வாங்கி விற்பது வியாபாரத்தில் அடங்கும் என்றார். முத்திரையிட்ட பொட்டலத்தைப் பற்றித்தான் அவர் எச்சரித்தார். உள்ளே என்ன அட்டை இருக்கிறது என்று தெரியாமல், அரிய ஒன்று வரும் என்ற ஆசையில் பெட்டி பெட்டியாக வாங்கி உடைப்பது சூதாட்டத்தின் வாசலில் நிற்பது என்றார். நீரில் இருக்கும் மீனை விற்பதை மார்க்க அறிஞர்கள் ‘ஃகரர்’ என்னும் நிச்சயமின்மைக்கு உதாரணமாகக் கூறுவதையும் நினைவூட்டினார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உடைத்துப் பருப்பைப் பார்த்த பிறகே விலை சொல்லும் எனக்கு அது உடனே விளங்கியது.

மருமகனுக்கு இப்படி எழுதினேன்: “அட்டையை விற்பதில் தவறு காணவில்லை. ஆனால் கல்லூரிக் கட்டணத்தை இன்னொருவரின் விளையாட்டுத் திறமையில் அடகு வைக்காதே. தேவைக்கு உரியதை எடுத்துவிடு. மூடிய பெட்டிகள் பக்கம் போகவே வேண்டாம்.” சில நாள் யோசித்துவிட்டு, மே மாதத்தில் விற்றான். கட்டணம் கட்டினான். ஜூன் மாதம் அந்த வீரருக்கே விருது கிடைத்தது. அட்டையின் விலை ஏறவில்லை. கோடையில் சற்று இறங்கியது. இறங்காமல் இரட்டிப்பாகியிருந்தாலும் நான் சொன்ன விடையில் மாற்றம் இருந்திராது.

நம் தமிழ்நாட்டிலும் ஹாக்கி உண்டு, புதுமுகங்களும் உண்டு. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில், தம் முதல் பன்னாட்டு ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். கோவில்பட்டியில் பயின்று வளர்ந்தவர் அவர். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அவர் அடித்த அந்த முதல் கோலை யாரும் ஏலம் கூறவில்லை. பார்த்தவர்களுக்கு அது மகிழ்ச்சியாக மட்டும் இருந்தது.

மருமகன் சொன்ன ஒரு செய்திதான் என் மனத்தில் அதிகம் தங்கியது. வீரர் ஒருவர் காயமுற்று வெளியேறிய இரவில், அவனுடைய நண்பர்கள் குழுவில் வந்த முதல் கேள்வி, “விலை எவ்வளவு இறங்கியது?” என்பதாம். காயப்பட்டவருக்கு வயது பத்தொன்பது. நோயுற்றவரை நலம் விசாரிப்பதை ஒரு கடமையாகக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. ஒரு தாயின் பிள்ளைக்கு எலும்பு முறிந்தது என்று கேட்டவுடன் நம் கை விலைப்பட்டியலை நோக்கிச் செல்லுமானால், அந்தப் பொருள் ஹலாலா என்று கேட்பதோடு, அது நம் உள்ளத்தை என்ன செய்துவிட்டது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. அவனே மிக அறிந்தவன்.